ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் போன ஊதாக்கொடி

பாளையங்கோட்டை
1909 ஜூலை 6

கர்த்தருக்குள் பிரியமான மகள் கிரேசுக்கு, உன் அம்மா ஜெபராணி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உன் அப்பா சுகம், பசுவும் கன்றும் சுகம், போன மாதம் காற்றில் சரிந்த மாட்டுக்கொட்டகையைக்கூட நிமிர்த்திக் கட்டியாயிற்று, அதுவும் சுகம். நானும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறேன், மனசளவில் எப்படி என்பதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீயும் மருமகன் ஞானசிகாமணியும் அந்த மாத்தளை மழையில் எப்படி இருக்கிறீர்களோ, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை கூடுதல் என்று எழுதியிருந்தாய், அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள். அட்டை கடிக்கிறது என்றாயே, வெளியே இறங்குமுன் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள், கடித்த இடத்தைச் சொறியாதே. போன கடுதாசியில் எடுத்த எடுப்பிலேயே எலிசபெத் சித்தி தோட்டம் எப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டிருந்தாய். என் தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்ட வரியைத் தேடினேன், அது இரண்டாம் பக்கத்தில் கீழே கிடந்தது. சரி, கேட்டாயே, அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன், வைத்துக்கொண்ட பிறகும் எனக்கு ஆறவில்லை.

நீ கப்பலேறின பிறகு இங்கே நடந்தது உனக்குப் பாதி தெரியும், பாதி உன் சித்தி எழுதித் தெரிந்திருக்கும், அவள் எழுதினது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலிருந்து நானே எழுதிவிடுகிறேன். அப்பா பள்ளிக்கூட வேலையை விட்டு ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, சும்மா வளர்க்கிற செடியை ஏன் ஒரு தொழிலாகவே செய்யக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வண்ணாரப்பேட்டையில் வக்கீல் ஆவுடைநாயகம் பிள்ளை புது வீடு கட்டியிருந்தார், வீடு அரண்மனை மாதிரி, வாசலுக்கு முன்னால் வெறும் சரள்காடு. அவர் வீட்டு அம்மாள் நம்ம வாசலில் நின்ற குரோட்டன்ஸையும் மருதாணி வேலியையும் பார்த்து ஆசைப்பட்டு, எங்களுக்கும் இதேபோல் போட்டுத் தருவீர்களா என்று ஆள் அனுப்பினாள். நானும் அப்பாவும் வண்டிக்கார பரமசிவனைக் கூட்டிக்கொண்டு போனோம். நான் ஒரு ஓலைக்கொட்டான் நிறையச் சுண்ணாம்புப் பொடி கொண்டுபோய், வட்டப்பாத்தி இங்கே, நடைபாதை இங்கே, பாதை ஓரத்தில் செங்கலைச் சாய்த்துப் பதிக்க வேண்டியது இங்கே என்று தரையிலேயே கோடு இழுத்துக் காட்டினேன். வேதக்காரப் பொம்பளை கோலம் போடுகிறாள் என்று யாராவது சபையில் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று அப்பா பக்கத்திலேயே நின்று கவலைப்பட்டார், நான் இழுத்ததில் எங்காவது பூ மாதிரி வளைந்துவிட்டால் காலால் அழித்துவிட்டார். அப்படியும் தோட்டம் அருமையாக வந்தது. குளத்து வண்டல் அடித்து, ஆட்டுப்புழுக்கை போட்டு, நந்தியாவட்டையும் செம்பருத்தியும் நட்டு, நடுவில் அருகம்புல் பதித்துக் கொடுத்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பரமசிவன் வந்து சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

இது பொறுக்குமா உன் சித்திக்கு. வேதமுத்து சித்தப்பா தாம் வேலை பார்க்கிற கலெக்டர் கச்சேரியிலிருந்து கொண்டுவந்த தடித்த காகிதத்தில், கலர் பென்சில் வைத்து, பச்சையும் சிவப்புமாகத் தோட்டத்தைப் படமாக வரைய ஆரம்பித்தாள். அதற்குக் கீழே செடிகளின் பேரை இங்கிலீஷில் எழுதுவாள். மண்ணைத் தொட்டால் நகத்தில் அழுக்கு ஏறும் என்று கையுறை போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறவள், அவளும் தோட்டம் போட்டுக் கொடுக்கிறாளாம். அக்கா, நீங்க ஆரம்பிச்சதைப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு என்று என்னிடமே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினேன், வேறு என்ன செய்ய, தம்பி பெண்டாட்டி என்று உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே. அவள் போன பிறகு அப்பா, படம் நல்லாத்தான் போட்டிருக்கா என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் இரண்டாந்தடவை ஊற்றவில்லை. இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். நீ சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவள் வீட்டுக்குத்தான் ஓடுவாய், அவள் கொடுக்கிற அச்சுமுறுக்கைத் தின்றுவிட்டு வந்து இங்கே எனக்குப் பசிக்கவில்லை என்பாய், நான் உனக்காக எடுத்துவைத்த தோசையை மாட்டுக்குப் போடுவேன். தையல் அவளிடம், பாட்டு அவளிடம், தலைபின்னுவதுகூட சித்தி பின்னினால் இழுக்காது என்பாய். அவளுக்குப் பிள்ளை இல்லை, அது கர்த்தருடைய சித்தம், அதற்காக எனக்கு இருக்கிற ஒன்றைப் பங்கு போட முடியுமா. எழுதவேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இப்போது அந்த ஊதாக்கொடிக்கு வருகிறேன். நீ கல்யாணமாகிப் போன முதல் வருஷம் பிஸ்கட் டப்பாவில் ஈரப்பாசி சுற்றி அனுப்பினாயே, பேர்கூட எழுதாமல், அந்தக் கொடிதான். எத்தனையோ பேர் கேட்டும் ஒரு துண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. பதியன் போட்டும் பார்த்தேன், எனக்கே வேர் விடவில்லை, ஆகையால் ஊரிலேயே ஒன்றே ஒன்று, என் வாசலில் பெரிய தொட்டியில் மூங்கில் வளையத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. இந்த வருஷம் பிசான நெல் அறுத்து முடிந்து ஸ்தோத்திரப் பண்டிகை வந்தபோது சரியாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, இலையே தெரியவில்லை. உன் சித்தி காணிக்கைக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாகக் கொண்டுவரப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரமசிவன் வண்டியில் வைக்கோல் பரப்பி, கொடித்தொட்டியை ஏற்றி, நான் கூடவே பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல்லும் சேவலுமாகக் குவிந்து கிடந்த இடத்தில், அவளுடைய குரோட்டன்ஸ் வரிசைக்கு முன்னால், முன்னால் என்றால் மறைக்கிற மாதிரி முன்னால், என் கொடியை இறக்கி வைத்தேன். ஜனங்கள் பாட்டுப் பாடுகிறதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். போர்டிங் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸியம்மாள் ஆராதனை முடிந்ததும் கிட்டே வந்து பூவைத் தொட்டுப் பார்த்தாள். கிரேசு, அந்த நேரம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பாவத்தில் சேரும்.

காணிக்கையாக வைத்ததெல்லாம் ஆராதனை முடிந்து ஏலத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தன் காணிக்கையைத் தானே ஏலம் கேட்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது நம்ம சபையில் மானக்கேடு என்றும் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஜெபகனியிடம் முந்தின நாளே, நீ எனக்காகக் கேட்டு வாங்கு, பிறகு நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று காதோடு சொல்லிவைத்திருந்தேன். அவளும் தலையை ஆட்டினாள். உபதேசியார் வேப்பமரத்தடியில் நின்று சேவலை ஏலம் விட்டார், பூசணிக்காயை விட்டார், அதற்குப் பிறகு கொடித்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். திரும்பிப் பார்க்கிறேன், ஜெபகனியைக் காணோம். அசனத்துக்கு முதல் பந்தியில் இடம்பிடிக்கப் போய்விட்டாளாம், ஆட்டுக்கறி பிந்தினால் எலும்புதான் கிடைக்கும் என்று. நான் அப்பாவின் கையைக் கிள்ளினேன், நீங்களாவது கேளுங்களேன் என்று. அவர், கர்த்தருக்குன்னு வச்சதை நாமளே திருப்பித் தூக்கிட்டுப் போறதா, பேசாம இரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். உன் சித்தி கேட்டாள். எதிர்த்துக் கேட்க ஒரு ஆளில்லை, அண்ணன் வீட்டுக் காணிக்கையைத் தம்பி வீட்டார் கேட்கிறார்கள், குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஜனங்கள் மரியாதை காட்டினார்கள். உபதேசியார் மூன்றுதரம் சொல்லி அவள் பேரில் முடித்துவிட்டார். அவள் என்னிடம் வந்து, அக்கா, வேற யாரு கையிலயும் போயிரக் கூடாதேன்னுதான் கேட்டேன் என்றாள். எடுத்துப் போகிறவளுக்கு அதைச் சொல்ல வாய் வருகிறது பார். அசனத்தில் எனக்குக் கறி இறங்கவில்லை. ஜெபகனி மட்டும் நல்லாச் சாப்பிட்டாள்.

அதோடு போயிற்றா. போர்டிங் பள்ளிக்கூடத்தில் புதுக்கட்டிடம் எழும்பி, அதற்கு முன்னால் தோட்டம் போட வேண்டும் என்று மிஸியம்மாள் ஆள் தேடுகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும், அந்த வேலைக்காகத்தான் நான் வருஷம் முழுவதும் காத்திருந்தேன். அது கிடைத்தால் மற்ற மிஷன் பங்களாக்களும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஒரு வக்கீல் வீட்டோடு என் தொழில் நின்றது. மிஸியம்மாள் கோடைக்கானலுக்குப் புறப்படுமுன் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். நான் சுண்ணாம்புப் பொடியோடு போனேன், அவள் கலர்ப்படத்தோடு வந்தாள். மிஸியம்மாள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, பண்டிகையில் பார்த்த அந்த ஊதாக்கொடி வாசல் வளைவில் ஏறினால் அழகாக இருக்குமே, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று தமிழில்தான் கேட்டாள். நான் வாயெடுக்குமுன் உன் சித்தி, என்கிட்ட இருக்கும்மா என்றாள். அவ்வளவுதான். நான் வளர்த்த கொடியைக் காட்டி அவள் என் வேலையை வாங்கிக்கொண்டாள். நான் திரும்பி வரும் வழியெல்லாம் பொடிக் கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், பரமசிவன் காளையைத் திட்டுகிறவன் போலப் பாசாங்கு செய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.

பங்குனி வெயிலில் உன் சித்தி கொடியை அங்கே நட்டாள். பாளையங்கால் வாய்க்காலில் தண்ணீர் அடைத்துவிட்டார்கள், ஆகையால் பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்தே இறைத்து ஊற்றினாள். நான் அந்த போர்டிங்கில் படித்தவள், அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும். அதில் குளித்தால் சீயக்காய் போகாது, பருப்பு போட்டால் சாயங்காலம் வரை வேகாது, அவ்வளவு உவர். குரோட்டன்ஸ் அதைத் தாங்கும், அந்தக் கொடி தாங்காது, என் வாசலில் அதற்கு ஆற்றுத்தண்ணீர் தவிர வேறு ஊற்றினதே இல்லை. இதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைத்தெருவுக்குப் போகும்போது அந்தக் காம்பவுண்டு வழியாகவே போனேன், அது சுற்றுவழிதான், இருந்தாலும் போனேன். முதலில் இலை ஓரம் பழுப்பு ஏறினது, பிறகு நுனி சுருண்டது. எனக்கு மனசு குளிர்ந்தது கிரேசு, உன்னிடம் பொய் எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து பாட்டுக்கூடப் பாடினேன். அப்பா, என்ன இன்னைக்குக் குரல் எடுக்கு என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் உச்சிவெயிலில் அந்த வழியாகப் போனேன். காம்பவுண்டு கதவு திறந்துகிடந்தது. உன் சித்தி வாசல் வளைவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள், சேலையெல்லாம் செம்மண், கையில் உறையில்லை, நகம் முழுக்க அழுக்கு. கொழும்பிலிருந்து நீ வாங்கி அனுப்பின பட்டுக்குடையை விரித்து அந்தக் கொடிக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குடை அவளுக்கு அனுப்பினாயா, எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் கொடியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மொட்டையாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை, அக்கா, என்ன செஞ்சாலும் இலை கொட்டுது, நம்ம பிள்ளை அனுப்பின கொடி, இது பட்டுப்போச்சின்னா பிள்ளைக்கு நான் என்னன்னு எழுதுவேன் என்று சொல்லி அழுதாள். நம்ம பிள்ளையாம். எனக்குக் கோபம் வந்தது, வந்த கோபத்தில், ஏட்டி, கிணத்துத் தண்ணிய நிறுத்துட்டீ மொதல்ல, உவரு ஊத்தியா கொடி வளர்ப்பாவ, பரமசிவன ஆத்துக்கு அனுப்பு என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான், சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான். கொக்கிரகுளத்து ஆற்றிலிருந்து பரமசிவன் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தான், நான் வேரைச் சுற்றி இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு வண்டல் வைத்தேன், பனையோலை வெட்டிப் பந்தல் போட்டேன். அன்றைக்கு மட்டுமல்ல, ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறவரைக்கும் தினமும் போனேன். அவளுக்காகப் போகவில்லை. நீ டப்பாவில் சுற்றி அனுப்பினதை அந்தக் கிணற்றுக்குச் சாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மிஸியம்மாள் கோடைக்கானலிலிருந்து வந்து இறங்கினபோது கொடி வளைவில் பாதி ஏறியிருந்தது, இரண்டு கொத்துப் பூவும் இருந்தது. எலிசபெத், எலிசபெத் என்று மிஸியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்போது உன் சித்தி என்ன செய்தாள் தெரியுமா, மிஸியம்மாள் கையை விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தி, இது எங்க அக்கா பிழைக்கவச்ச கொடி, எனக்குத் தண்ணி ஊத்தக்கூடத் தெரியாது என்று போர்டிங் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். மிஸியம்மாள் என்னைப் புகழ்ந்தாள்தான். ஆனால் என்னைவிட அவளைத்தான் கூடுதலாகப் புகழ்ந்தாள், எவ்வளவு தாழ்மை, எவ்வளவு உண்மை என்று. தோட்டத்துக்கு நல்ல பேரும் அவளுக்கு, பெருந்தன்மைக்கு நல்ல பேரும் அவளுக்கு. ஆற்றுத்தண்ணீர் ஊற்றின எனக்கு என்ன மிச்சம் என்று சொல். அவள் என் பேரைச் சொல்லாமல் மறைத்திருந்தால் ஆயுசுக்கும் அவளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன், அதையும் கெடுத்துவிட்டாள்.

இப்போது மேலப்பாளையம் ரோட்டில் இன்னொரு மிஷன் பங்களாவுக்கும் தோட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள் என்று. உன் சித்தி வீட்டுக்கே வந்து, அக்கா, நான் படம் போடுதேன், நீங்க தரையில இழுங்க, இங்கிலீஷ்ல பேசுதது நான், செடிகிட்டப் பேசுதது நீங்க என்றாள். அப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். நான் யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன், யோசிக்க ஒன்றும் இல்லை, நான் மாட்டேன் என்றால் அவள் தனியாகச் செய்வாள், நான் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும், அதற்கு அவள் பக்கத்தில் நின்று பார்ப்பதே மேல். ஞாயிற்றுக்கிழமை சரி என்று சொல்லிவிடுவேன். அவளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன், பண்டிகைக்குக் காணிக்கை வைத்தால் பூசணிக்காய் வைப்போம், செடி வைக்க வேண்டாம்.

நீ இந்தத் தடவை கோலியஸ் இலைச்செடி விதை அனுப்பினால் இரண்டு பேருக்கும் அனுப்பு, பிரித்து அனுப்பாதே, ஒரே பொட்டலமாக என் பேருக்கு அனுப்பு, நான் அவளுக்குக் கொடுக்கிறேன். கொடுப்பேன், சந்தேகப்படாதே. உடம்பைக் கவனித்துக்கொள், ஆறாம் மாதம் ஆகிவிட்டது, மலைப்படிக்கட்டில் வேகமாக இறங்காதே, பைய இறங்கு, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. வேதம் வாசிப்பதை விடாதே. மருமகன் லீவு கேட்டு எழுதிவிட்டாரா, ஏழாம் மாதம் முடியுமுன் உன்னைத் தூத்துக்குடிக் கப்பலில் கொண்டுவந்து விட வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக, போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக, நீ சமாதானமாக வந்து சேர வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் முழங்காலில் நின்று கேட்கிறோம்.

ஒரு ஞாபகம். தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்து பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்தால், வண்டிக்காரன் நேர்வழி என்று முருகன்குறிச்சி வழியாகத்தான் விடுவான், அந்த வழியில் உன் சித்தி வீடு முதலில் வரும், அவள் வாசலில் நிற்பாள், நீ இறங்காமல் இருக்க மாட்டாய். தெற்கு பஜார் வழியாகச் சுற்றி விடச் சொல்லு. வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொஞ்சம் கூடுதலாக வண்டியில் குலுக்குவது தப்புத்தான், தெரியும், இருந்தாலும் அன்றைக்கு ஒருநாள் உன்னை முதலில் நான் பார்த்துவிடுகிறேன், நீ முகம் கழுவி ஒரு வாய் சாப்பிட்டதும் நானே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஜெபராணி தேவசிகாமணி